கிருஷ்ணப்பன் மாமா வண்டி பிடித்த ஞாயிறு

என் அக்கா வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன் ஐம்பது வயதைத் தாண்டியும் எந்தப் போட்டியிலும் கலந்துகொண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டம்கூட ஓடியதில்லை. ஆனால் குருபரப்பள்ளியைச் சுற்றி எது ஓடினாலும், எது கவிழ்ந்தாலும், எதைத் தோண்டினாலும், முதல் வரிசையில் பச்சைத் துண்டோடு நிற்கிற ஆள் அவர்தான். பொங்கல் கழிந்தால் எங்கள் பக்கம் எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடும். சூளகிரி, வேப்பனப்பள்ளி, பர்கூர் என்று ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார். தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவது அக்கா பாடு.

எருது இல்லாத மாதங்களில் சும்மா இருப்பாரா என்றால் அதுவும் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் போர் போட்டால் காலையிலேயே போய் உட்காருவார். தண்ணீர் வருகிறவரை, இல்லையென்றால் தோட்டக்காரன் தலையில் கை வைக்கிறவரை, எழுந்திருக்கமாட்டார். ஹைவேயில் லாரி சாய்ந்தால் போலீசுக்கு முன்னால் மாமா ஆஜர். கிரேன் ஓட்டுகிறவனுக்கே, “இன்னும் கொஞ்சம் தூக்கு, ஏய் போதும் போதும், எறக்கு” என்று உத்தரவு போடுவார். அவனும் யாரோ பெரிய மனுஷன் என்று நினைத்து அப்படியே செய்வான். ஊரில் இவருக்கு ‘வேடிக்கை கிருஷ்ணப்பன்’ என்றே பேர். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. “ஓடறவன் ஓடிட்டுப் போயிடுவான்டா. பாத்தவன்தான நாளைக்கு எடுத்துச் சொல்லணும்?” என்பார்.

அவர் சொல்வதை ஊரும் கேட்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். எருது வாங்கப் போகிறவர்கள் இவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். போய் நின்றதும், “கட்டி வெச்ச மாட்டப் பாத்து நான் ஒண்ணும் சொல்லமாட்டன். ஓட்டத்துல காட்டு” என்பார். சொல்லுகிற குரல் இருக்கிறதே, எங்கள் தெருவில் அவர் காப்பி கேட்டால் பக்கத்துத் தெருவில் அடுப்புப் பற்றவைப்பார்கள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் மூர்த்தி, அக்கா சரோஜம்மாளின் கடைசித் தம்பி. ஓசூர் சிப்காட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். ஆறு நாளும் ஷிப்டில் கிடந்து சாகிறவன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை என்னை யாராவது எழுப்பினால் கொலை விழும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாமா அதே தெருவில் இருக்கிற என் வீட்டு வாசலில் நின்று, “மூர்த்தீ” என்றார். நான் மட்டுமா, லைன் வீடு முழுக்க எழுந்து உட்கார்ந்தது.

விஷயம் இதுதான். மாமாவுக்கு ஒரே பெண், சௌமியா. டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் பைக் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி ரொம்ப நாளாகிறது. மத்தூரிலிருந்து ஒருவன் வந்தான், மாந்தோப்பு, வாத்தியார் உத்தியோகம். மாமா வேண்டாம் என்றார். கேட்டால், “காப்பிய ஊதி ஊதிக் குடிக்கறான், காரியத்துக்கு ஆகமாட்டான்.” காவேரிப்பட்டினத்துப் பையன் செருப்பை வாசலில் நேராக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு உள்ளே வந்தான். “இவ்ளோ சுத்தக்காரன் குடும்பத்துக்கு ஆகாது.” மூன்றாவதாக வந்தவனிடம் குற்றமே கிடைக்கவில்லை. அதனால், “என்னமோ எடுபடல” என்றார். அக்காவுக்குத் தாங்கவில்லை.

“பொண்ணுக்கு மாப்பிள பாக்கறீங்களா, குத்தம் பாக்கறீங்களா?” என்று கேட்டாள்.

கடைசியில் சௌமியாவே வாயைத் திறந்தாள். அவள் கம்பெனியில் ஹரீஷ்குமார் என்று ஒரு பையன். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி. வீட்டில் கன்னடம். அக்கா விசாரித்துப் பார்த்ததில் எங்கோ சுற்றி வளைத்துச் சொந்தம்கூட வந்தது. எங்கள் பக்கம் அது ஒன்றும் அதிசயம் இல்லை. நாங்கள் வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சண்டைக்குக் கன்னடம் என்று வாழ்கிறவர்கள். அக்காவுக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம். மாமா மட்டும் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“அப்பா, நீங்க வேணாம்னா நான் ஒண்ணும் ஓடிப் போயிடமாட்டன்” என்றாள் சௌமியா. “ஆனா இனிமே எவனையும் காப்பி குடிக்கக் கூட்டிட்டு வராதீங்க. நான் இப்படியே இருந்துக்கறன்.”

அதற்கப்புறம் சில நாட்கள் தெருவில் மாமாவின் சத்தமே கேட்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பையனுக்குப் பைக் ரேஸ் பைத்தியம் உண்டு என்று நான்தான் உளறி வைத்தேன். பெங்களூர் பைக் கிளப் ஒன்று எங்கள் பக்கத்து ஏரியில் ‘டிராக் ரேஸ்’ என்று நேர்த்தடத்தில் வேகம் பார்க்கிற போட்டி நடத்துகிறது, அதில் அவன் ஓட்டுகிறான் என்றும் சொல்லிவிட்டேன். மழை பொய்த்துப்போன வருஷங்கள் அவை. ஏரி காய்ந்து, அடிமண் சிமெண்டு போட்டதுபோல இறுகிக் கிடந்தது. மீன் பிடித்த இடத்தில் வண்டி விடப் போகிறார்கள்.

“இப்பதான் வழிக்கு வந்துது” என்றார் மாமா, அந்த விடியற்காலையில் என் பாயில் உட்கார்ந்துகொண்டு. “அவன் வீட்டுக்கு வந்து கையக் கட்டிட்டு நின்னா நான் என்னத்தக் கண்டுபிடிக்கறது? ஓட்டத்துல பாக்கறன். நாம யாருன்னு அவனுக்குத் தெரியக்கூடாது. கெளம்பு.”

மாமா வீட்டைத் தாண்டும்போது அக்கா வாசலுக்கு வந்தாள். “மூர்த்தி, சாயங்காலம் இந்த மனுஷன ‘சரி’ங்கற ஒரு வார்த்தையோட கூட்டிட்டு வா. இல்லன்னா ரெண்டு பேரும் அந்த ஏரியிலயே படுத்துக்குங்க” என்றாள். சௌமியா கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் காலைச் சாப்பாடே இறங்கவில்லை.

ஏரிக்குள் இறங்கினால் திருவிழாக் கூட்டம். வெள்ளரிக்காயில் மிளகாய்ப்பொடி தடவி விற்கிறவன், ஐஸ் வண்டிக்காரன், ஷிப்டு முடித்துச் சீருடையோடு வந்த கம்பெனிப் பையன்கள், முகத்தைத் துப்பட்டாவால் கண் மட்டும் தெரியக் கட்டிக்கொண்ட பெண்கள், சுற்று வட்டாரத்து எருது விழா ஆட்கள் மொத்தமும். நடுவே கயிறு கட்டி நீளமாக ஒரு தடம். ஒரு கோடியில் ஷாமியானா, அதற்குள் மைக், மைக்கில் இங்கிலீஷ்.

“டிராக்னா என்னாடா?” என்றார் மாமா.

“இங்கிலீஷ்ல இழுக்கறதுன்னு அர்த்தம் மாமா.”

“எத இழுக்கறாங்க?”

“எதையும் இழுக்கல. சும்மா பேரு.”

“இழுக்காம எதுக்குடா இழுக்கறதுன்னு பேரு வெக்கறாங்க? மொதல்லயே பொய்யில ஆரம்பிக்கறாங்க” என்று சொல்லிக்கொண்டே கயிற்றுக்கு அடியில் குனிந்து வண்டிகள் நிற்கிற இடத்துக்குள் போய்விட்டார். யாரைக் கேட்டுப் போவது என்ற பழக்கமே அவருக்குக் கிடையாது. அங்கே நின்ற ஒரு பைக்கின் டயரை, எருதின் குளம்பைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார். இன்னொன்றின் சீட்டைத் தட்டிக்கொடுத்தார். அதன் சொந்தக்காரன், “டச் பண்ணாதீங்க சார்” என்று கத்தினான். “ரொம்ப மொரடா இருக்கான், இவன் செயிக்கமாட்டான்” என்று என்னிடம் வந்து சொன்னார். அவன் முதல் சுற்றிலேயே தோற்றான், அது வேறு விஷயம்.

போட்டி ஆரம்பித்ததும் மாமாவுக்கு ஆட்சேபணையும் ஆரம்பித்தது. எருது விழாவில் ஒவ்வொரு எருதாக விட்டு நேரம் பார்ப்பார்கள். இங்கே இரண்டு இரண்டாக விடுகிறார்கள். “ரெண்ட ஒண்ணா விட்டா ஒண்ணப் பாத்து ஒண்ணு மிரளுமேடா” என்றார். “வண்டி எப்படி மாமா மிரளும்?” என்றேன். “வண்டி மிரளாது, மேல ஒக்காந்திருக்கற கழுத மிரளும்ல?” என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்துக் கூட்டம் முழுக்க மைக்கில் வந்த இங்கிலீஷை விட்டுவிட்டு மாமா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த ஜோடி வந்து நின்றது. உற்சாகம் தாங்காமல் மாமா தோளிலிருந்து பச்சைத் துண்டை உருவி, “விட்றா” என்று சுழற்றினார். கொடிக்காரன் கையில் இருந்ததும் பச்சைக் கொடிதான். அவன் ஆட்டுவதற்கு முன்பே இரண்டு வண்டியும் மாமாவின் துண்டைப் பார்த்துக் கிளம்பிவிட்டன. தொப்பி போட்ட ஒருவர், அவர்தான் போட்டிக்குத் தலைவர் போலிருக்கிறது, ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

“சார், ப்ளீஸ், அந்த டவல்…”

“துண்டு இல்லாம எப்படிங்க வேடிக்க பாக்கறது?” என்று மாமா நிஜமாகவே கேட்டார். கடைசியில் அதைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொள்வதாக ஒப்பந்தம் ஆயிற்று.

மைக்கில் பேர் சொன்னார்கள், ஹரீஷ்குமார் வந்தான். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி, ஒல்லி உடம்பு, மேலே பூசணிக்காய் மாதிரி ஹெல்மெட். மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

“தல பெருசா இருக்கு” என்றார்.

“அது ஹெல்மெட்டு மாமா.”

“முதுகு வளைஞ்சிருக்கு.”

“வண்டி ஓட்டறப்ப அப்படித்தான் இருக்கும்.”

“எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்க.”

கொடி விழுந்தது. ஹரீஷின் வண்டி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பாய்ந்தது. பக்கத்து வண்டி பின்னால் புழுதியில் காணாமல் போய்விட்டது. அடக்குவதற்குள் மாமாவின் தொண்டையிலிருந்து, “போடு என் ராஜா” என்று ஒன்று கிளம்பிவிட்டது. ஐஸ் வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன்.

“பொதுவா சொன்னன்” என்றார் மாமா.

அடுத்த சுற்றிலும் பையன் ஜெயித்தான். அதற்கடுத்த சுற்றிலும் ஜெயித்தான். மாமா பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். குற்றம் கண்டுபிடிக்க முடியாத எரிச்சல் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசிப் போட்டிக்கு முன்னால், “என்னமோ எடுபடலடா” என்று மெதுவாக ஆரம்பித்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்றாவது மாப்பிள்ளைக்குச் சொன்ன அதே வார்த்தை.

கலங்கியது என் வயிறு மட்டும் இல்லை. இந்தப் போட்டியில் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஒரு ஆள் நின்று வண்டியைப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஓட்டுகிறவன் கியரைப் போட்டு முறுக்கிக்கொண்டே இருப்பான், கொடி விழுந்ததும் பின்னால் நிற்கிறவன் கையை எடுக்கவேண்டும். எருதின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிற்கிறவன் விடுகிற மாதிரிதான். ஹரீஷுக்குப் பிடித்துக்கொண்டிருந்த நண்பன் காலையில் ஹைவேயில் என்னத்தையோ தின்றுவிட்டு, சரியாகக் கடைசிப் போட்டி நேரத்தில் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டான். மைக்கில் பேர் கூப்பிடுகிறார்கள். ஹரீஷ் சுற்றும் முற்றும் பார்த்தான். பக்கத்தில் கயிற்றுக்கு உள்ளே, யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கிற ஒரே ஆள், முண்டாசு கட்டிய மாமா.

“ஐயா, கொஞ்சம் உதவி பண்ணுங்க” என்றான். தமிழ்! சௌமியா மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த தமிழ். “வண்டி பின்னால பிடிங்க. கெட்டியா பிடிங்க.”

மாமாவின் முகத்தை அப்போது பார்க்கவேண்டுமே. இத்தனை வருஷத்தில் இவரை யாரும் ஆட்டத்துக்குள் கூப்பிட்டதில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார், முண்டாசை இறுக்கினார், வண்டிக்குப் பின்னால் போய் இரண்டு கையாலும் கம்பியைப் பற்றிக் காலை அகட்டி நின்றார். நான், “மாமா, வேணாம்” என்று கத்தினேன். இரண்டு வண்டியின் அலறலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். கன்னடத்தில் ‘பிடி’ என்றால் விடு என்று அர்த்தம். பஸ் என்று சொல்லும்போது வருகிற அந்த ‘ப’ போட்டுச் சொல்லவேண்டும். பிடித்துக்கொள் என்பதற்கு அவர்கள் ‘ஹிடி’ என்பார்கள். நமக்கோ பிடி என்றால் பிடிதான். எழுதிக் காட்டலாம் என்றால் நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘பி’. எல்லையில் பிறந்த குழந்தைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும், மாமாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் வண்டி இரைகிறது, புகை கண்ணை மறைக்கிறது, பையன் பேச ஆரம்பித்தது தமிழில்.

கொடி விழுந்தது. பையனுக்கு அந்த நொடியில் சௌமியா கற்றுக்கொடுத்த தமிழ் எல்லாம் பறந்துவிட்டது. தாய்மொழியில் கத்தினான். “பிடி! பிடி!”

மாமா இன்னும் கெட்டியாகப் பிடித்தார்.

வண்டி பாய்ந்தது. மாமாவும் பாய்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போட்டியில் ஓடினார், அதுவும் அந்த வயதில் அந்த வேகத்தில் மனுஷன் ஓடி நான் பார்த்ததில்லை. “பிடி, பிடி” என்று அவன் கத்தக் கத்த, “பிடிச்சிருக்கன், பிடிச்சிருக்கன்” என்று இவர் கத்திக்கொண்டே ஓடினார். பிறகு கால் பின்தங்கிவிட்டது. குப்புற விழுந்தார். விழுந்தும் விடவில்லை, சேற்று வயலில் பரம்பு இழுக்கிற மாதிரி வயிற்றால் ஏரியைச் சமன் செய்துகொண்டே போனார். மைக்கில் இங்கிலீஷ் நின்றுவிட்டது. ஒருவழியாகக் கை நழுவியது, ஆனால் வேட்டி வண்டியில் மாட்டிக்கொண்டது. வேட்டி மட்டும் கொடி மாதிரிப் படபடத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. இரண்டாவதாகத்தான் தாண்டியது.

நடு ஏரியில் பட்டாபட்டி டிராயரோடு மாமா எழுந்து உட்கார்ந்தார். கூட்டம் விசிலடித்தது. நான் ஓடினேன். முட்டியும் முழங்கையும் தேய்ந்திருந்தன, நல்லவேளை வேறொன்றும் இல்லை.

“ஏன் மாமா விடல?”

“அவன்தான்டா பிடி பிடின்னான்!”

“அது கன்னடம் மாமா! உங்களுக்குக் கன்னடம் தெரியாதா?”

“தெரியும்டா! தமிழ்ல ஆரம்பிச்சவன் தமிழ்லதான முடிக்கணும்?”

அதற்குள் ஹரீஷ் திரும்பி வந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றினான். கோப்பை போய்விட்டது, முகமெல்லாம் சிவந்திருந்தது. வேட்டியைச் சுருட்டி மாமா மடியில் போட்டுவிட்டு ஆரம்பித்தான், கன்னடத்தில். “ஏன்ரீ, கிவி கேளிஸல்வா? பிடி அந்த்ரெ பிடபேக்கு!” காது கேட்காதா, விடு என்றால் விடவேண்டும் என்று அர்த்தம். அது வெறும் தொடக்கம். மிச்சத்தை நான் எழுதமாட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கன்னடத்தில் முதலில் கற்றுக்கொள்வது அந்த மிச்சத்தைத்தான், அதனால் மாமாவுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் அக்காவை நினைத்தேன். சௌமியாவை நினைத்தேன். போச்சு, எல்லாம் போச்சு.

“அப்பா!”

முகத்தில் துப்பட்டா கட்டியிருந்த பெண்களில் ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். துப்பட்டா அவிழ்ந்தது. சௌமியா. வீட்டில் இருக்கிறேன் என்று சொன்ன சௌமியா. “அப்பா, அடி பட்டுடுச்சா? ரத்தம் வருதே!”

ஹரீஷுக்கு வாய் அப்படியே நின்றது. அவளைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், அவர் முட்டியைப் பார்த்தான். சிவந்திருந்த முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆனது. சுற்றி நின்றவர்களுக்கு விஷயம் ஒரு மாதிரி புரிந்துவிட்டது. “தம்பி, மாமனார் கால்ல வுழுந்துடு” என்று ஒருவர் யோசனை சொன்னார்.

பையன் விழத்தான் போகிறான் என்று நினைத்தேன். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றான். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித் தமிழில் சொன்னான்.

“உங்களுக்கு அடி பட்டுது, மன்னிச்சிடுங்க மாமா. நான் கெட்ட வார்த்த பேசினேன், அது தப்பு, மன்னிச்சிடுங்க. ஆனா…” கையால் வண்டியைக் காட்டினான். “விடுன்னா விடணும் மாமா.”

பையன் வண்டியைப் பற்றித்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மாமாதான் அதை எப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை. அவர் அவனைப் பார்க்கவில்லை, சௌமியாவைப் பார்த்தார். அவள் குனிந்து தன் துப்பட்டாவால் அவர் முட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மூர்த்தி, கொஞ்சம் தண்ணி காட்டு” என்றார்.

ஷாமியானாவுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் இருந்தது. முழங்கையைக் கழுவிவிட்டேன். என்னால் அடக்கமுடியவில்லை. “மாமா, அவன் திட்டினத மனசுல வெச்சுக்காதீங்க. சின்னப் பையன்” என்றேன்.

“திட்டினா என்னாடா? தப்பு எம்மேலதான?” என்றார். “நான் யாருன்னு தெரிஞ்சுது, பயந்தான், கை கால் ஒதறுது. அப்பவும் மாத்திப் பேசல பாத்தியா? காப்பி ஊதினவனும் செருப்பு அடுக்கினவனும் நான் சொன்னதுக்கெல்லாம் தலைய ஆட்டுனாங்கடா.” டிரம்மிலிருந்து தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். “அவங்க மேலயும் குத்தம் இல்ல மூர்த்தி. எனக்குப் பயம். அவ போயிட்டா வீட்ல என் சத்தம் மட்டும்தான் இருக்கும். யாருகிட்ட போய்க் கத்துவேன்?”

அந்தக் குரலை அவ்வளவு மெதுவாக நான் கேட்டதே இல்லை. “அக்கா இருக்காளே” என்றேன்.

“அவ திருப்பிக் கத்துவாடா” என்றார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக ஷாமியானாவுக்குள் போய் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். அந்த ஆளுக்கு மைக்கே தேவையில்லை, அதிலும் மைக். ஏரிக்கரை வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன.

“எல்லாருக்கும் சொல்லிக்கறன். தப்பு இந்தக் கிருஷ்ணப்பனோடது. பையனுது இல்ல. கயிறு பிடிக்கறவன் தப்புப் பண்ணா அந்த எருத மறுபடி விடணும். அதுதான் மொற. மறுபடி விடுங்க!”

தொப்பிக்காரர் விதிமுறை, ரூல்ஸ் என்று என்னமோ சொல்லப் பார்த்தார். அதற்குள் எருது விழா ஆட்கள் கயிற்றைத் தாண்டித் தடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். “மறுபடி விடு” என்று தமிழில், தெலுங்கில், கன்னடத்தில். எதிர்த்து ஓட்டுகிறவன் நல்ல பையன், “விடலாம் சார், எனக்கென்ன” என்றான். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார்.

ஹரீஷின் நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறி வந்தான். மாமா அவனைக் கையமர்த்தினார். “நீ ஒக்காருப்பா, நான்தான் பிடிப்பன்.”

ஹரீஷ் ஹெல்மெட்டை மாட்டும் முன் ஒரு நிமிஷம் யோசித்தான். “மாமா, எந்த பாஷையில சொல்லட்டும்?”

“ஒண்ணுலயும் சொல்லாத. கொடிய நான் பாத்துக்கறன்.”

“சரி மாமா. ஆனா நீங்க கை எடுத்தப்புறம்தான் நான் கெளம்புவேன்.”

மாமா முன்போலவே காலை அகட்டி நின்றார். சௌமியா அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி வந்து நின்றாள். அவளை உள்ளே விடக்கூடாது என்று சொல்ல அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

கொடி விழுந்தது. பக்கத்து வண்டி பறந்துவிட்டது. ஹரீஷின் வண்டி அலறுகிறது, புகை கக்குகிறது, நின்ற இடத்தில் நிற்கிறது. மாமா பிடித்துக்கொண்டே நிற்கிறார். இந்தத் தடவை காதில் கோளாறு இல்லை. கொடி விழுந்ததை அவர் கண்ணால் பார்த்தார், அவர் பார்த்ததை நான் பார்த்தேன். கைதான் திறக்கவில்லை. கூட்டம், “விடு, விடு” என்று கத்துகிறது. ஹரீஷ் திரும்பிப் பார்த்தான். சொன்ன சொல்லுக்காகக் கிளட்சை விடாமல் இருந்தான். போட்டி கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

சௌமியா குனிந்து அப்பாவின் தோளில் கையை வைத்தாள். “அப்பா” என்றாள். “விடுங்கப்பா.”

மாமா விட்டார்.

வண்டி போய்ச் சேரும்போது ஜெயித்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஹரீஷ் வண்டியை மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தான், எங்கள் முன்னால் நிறுத்தி இறங்கினான்.

“தோத்துட்டேன் மாமா” என்றான்.

மாமா தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

“நீ எங்கடா தோத்த? ரெண்டு வாட்டியும் நான்தான் பிடிச்சன்” என்றார். “இனிமே பிடிக்கமாட்டன். உங்கப்பாவக் கூட்டிட்டு வீட்டுக்கு வா.”